ஊசியில் நூல் கோக்க யாரைக் கூப்பிடுவீங்க?

நான் நடத்துகிற முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேட்பேன். அடுத்த கேள்வி, "வீட்டுல ஊசியில நூல் கோக்கணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்பது. "பேத்தியைத்தான் கூப்பிடுவேன்" என்று பதில் வந்தால் அன்றைக்கு அவருக்கு எழுத்து கிடையாது. முதலில் கண்ணாடி.

இந்தக் கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வகுப்பு எடுக்கத் தொடங்கி இரண்டாவது வருஷம். ஒரு பெரியம்மா நான்கு மாதமாக விடாமல் வந்துகொண்டிருந்தார். பலகையில் எழுதினால் தெளிவாகப் படிப்பார். அதே சொல்லைப் புத்தகத்தில் காட்டினால் தடுமாறுவார். வீட்டில் போய்ப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை போல என்று நானாக முடிவுகட்டி, "தினமும் கால் மணி நேரமாவது பாருங்க பெரியம்மா" என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன். தையலும் என் தொழில். ஒருநாள் அவர் ரவிக்கைக்குக் கொக்கி வைக்க எடுத்து வந்தார். இதை நீங்களே வச்சுக்கலாமே என்றேன். "ஊசிக் காது தெரிய மாட்டேங்குது டீச்சர், அஞ்சாறு வருஷமாச்சு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. நாற்பதைத் தாண்டினால் பலருக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், கைக்குப் பக்கத்தில் இருப்பது மங்கும். பலகை தெரிந்தது, புத்தகம் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு குமுளிக்குப் போய் 150 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினோம். பஸ் டிக்கெட்டை மூக்குக்கு நேரே பிடித்து வழி முழுக்க எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். நான்கு மாதமாக அவருக்கு வராத பாடம் அடுத்த மூன்று வாரத்தில் வந்தது.

முதியோர் கல்விக்கு வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள், குறிப்பாக இளம் பெண்கள், என்னிடம் அடிக்கடி கேட்பது "என்ன படிச்சா இந்த வேலைக்கு வரலாம் அக்கா?" என்று. அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொன்னால்தான் அந்தப் பதில் புரியும்.

என் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். கேரளத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் சின்னப் பிள்ளை. 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மாதான் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலம் என்று அறிவித்தார். அந்த இரண்டு வருஷத்துக்குள் எங்கள் லயத்திலும் வகுப்பு நடந்தது. அம்மா சாயங்காலம் கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு போவார். கையெழுத்துப் போடக் கற்றார். என் பெயரை எழுதினார். சம்பளச் சீட்டில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்.

2000-க்குப் பிறகு தேயிலை விலை விழுந்து பீர்மேடு பக்கம் பல தோட்டங்கள் மூடிக் கிடந்தன. அம்மாவும் மற்ற பெண்களைப் போல ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். அங்கே சாயங்காலமானால் கூலி கைக்கு வந்துவிடும். சீட்டு கிடையாது, பெயர் தேட வேண்டியது இல்லை, கையெழுத்து இல்லை. ஏழெட்டு வருஷம். தோட்டம் மறுபடி திறந்து சம்பளப் பேரேட்டை அவர் முன்னால் நீட்டியபோது பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மைப் பெட்டியில் கட்டைவிரலை வைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கற்றது மறந்தது அம்மாவின் சோம்பலால் இல்லை. எழுத்துக்கு அவர் வாழ்க்கையில் வேலை இல்லாமல் போனது. இன்று இரவு கற்பது நாளைக் காலையில் எங்காவது பயன்பட வேண்டும், இல்லாவிட்டால் தங்காது. நான் பாடம் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான். எந்தப் படிப்பைப் படிப்பது என்று நான் முடிவு செய்ததும் இதை வைத்துத்தான்.

அப்போது என் கையில் இருந்தது ப்ளஸ் டூ மட்டும். பத்தாவது வரை இங்கே தமிழ் வழி, அப்புறம் மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் இரண்டு வருஷம். 22 வயதில் தொடர்கல்வி மையத்துக்குப் போய், வகுப்பு எடுக்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். எங்கள் பக்கம் அந்த மையங்களை நடத்துகிறவர்களைப் பிரேரக் என்று சொல்வார்கள். மாநில எழுத்தறிவு இயக்கத்தின் ஆட்கள். அங்கிருந்த பிரேரக் அக்கா ஒரு தமிழ்ப் பாடநூலையும் சாக்பீஸ் பெட்டியையும் கொடுத்து, "பத்துப் பேரைச் சேர்த்துட்டு வா, மத்ததைப் பேசிக்கலாம்" என்றார்.

சேர்த்தேன். முதல் மாதத்தில் ஐந்து பேர் நின்றுபோனார்கள். அம்மா, ஆடு, இலை, ஈ என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே தொடங்கியதுதான் காரணம். ஐம்பத்தெட்டு வயதான ஒருவர், ஆறு பிள்ளை பெற்று நான்கைக் கரை சேர்த்தவர், "ஆ... ஆடு" என்று சத்தமாகச் சொல்லும்போது, அவருடைய பேரன் வாசலில் நின்று கூடவே சொன்னான். மறுநாள் அவர் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வேலை இருக்கு டீச்சர்" என்றார். இருந்தது வேலை இல்லை, கூச்சம்.

இன்னொருவர் முதல் வாரமே கேட்டார், "கொழுந்துன்னு எப்படி எழுதணும்?" என்று. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்து அது. ழகரத்தோடு உகரம் வேறு. "அது மூணாவது மாசம் வரும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவரும் நின்றுபோனார்.

பாடநூல் ட, ப, ம என்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நேர்கோடுகள், கைக்குச் சுலபம். அதை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் படம், பட்டம், மடம் என்றுதான் கை பழக்குகிறேன். ஆனால் ஒருவர் தானாகக் கேட்கிற முதல் சொல்லைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அக்காவை மறுபடி வரவழைத்து, பலகையில் பெரிதாகக் கொழுந்து என்று எழுதிக் காட்டினேன். கொ-வைப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல க. சாக்கை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தராசுக்குத் தூக்குற மாதிரில்ல இருக்கு" என்றார். கொம்புக்கும் காலுக்கும் இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. இப்போது எல்லா வகுப்பிலும் அதைத்தான் சொல்கிறேன். கொ, பொ, மொ எல்லாம் எங்கள் லயத்தில் "சாக்கு தூக்குற எழுத்து."

அந்த அக்காவுக்கு நான் இரண்டாவதாகச் சொல்லிக் கொடுத்தது ஒரு நோட்டுப் போடுவது. தோட்டத்தில் பறித்த கொழுந்தை ஒரு நாளில் சில தடவை நிறுப்பார்கள். சூப்பர்வைசர் எழுதிக்கொள்வார். அக்கா உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டார்: தேதி, எடை, மொத்தம். பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு மழை நாளில் அவர் கணக்குக்கு 41 கிலோ, சீட்டில் 38. நோட்டை எடுத்துக் காட்டிக் கேட்டார். ஈரத்துக்குக் கழித்தது என்று பதில் வந்தது. சரி, ஆனால் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அதன் பிறகு எவ்வளவு கழிக்கிறோம் என்று எடை போடும்போதே சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் என் வகுப்பில் புதிதாக ஏழு பேர். எல்லோர் கையிலும் அதே அளவு நோட்டு.

கை பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மாதம் பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழியும். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது, மெல்லப் பிடிக்கிற பழக்கமே இல்லை. சிலேட்டுக் குச்சி ஒடிந்துகொண்டே இருக்கும், ஒடிகிற ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கும். தச்சர்கள் காதில் செருகுகிற தடிமனான பென்சில் நல்ல தீர்வு. தாளுக்குக் கீழே பழைய துணியை நாலாக மடித்து வைத்தால் கை தானாக இளகும். சிவப்பு மையில் திருத்தாதீர்கள். தவறு வந்தால் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டினால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நேரம் ஏழிலிருந்து எட்டரை. ஜூன் வந்தால் கரண்ட் போகும், அட்டை ஏறும், வருகை பாதியாகும். மழை மாதங்களில் வகுப்பை மூடாமல் யார் வீட்டுத் திண்ணையிலாவது மூன்று பேரை வைத்துக்கொண்டாவது நடத்துங்கள். ஒரு மாதம் மூடினால் திரும்பச் சேர்க்க மூன்று மாதம் ஆகும்.

இனி படிப்பு விஷயம்.

ஐந்து வருஷம் வகுப்பு எடுத்த பிறகு, பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு வேலைக்கு ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனேன். அனுபவத்தைக் கேட்டார்கள், பாராட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள். பட்டம் இல்லை என்பதால் விண்ணப்பத்தையே ஏற்க முடியாது என்று கடைசியில் சொன்னார்கள். அழுதுகொண்டேதான் பஸ் ஏறினேன். இன்றைக்கு யோசித்தால் கோபம் இல்லை. வகுப்பில் ஒருவர் முன் உட்கார அனுபவம் போதும். இன்னொரு ஆசிரியரைத் தயார்செய்ய, பாடநூல் எழுத, ஒரு திட்டத்தை அளந்து அறிக்கை கொடுக்க வேறு சில திறமைகளும் வேண்டும். அவற்றை நான் அப்போது கற்றிருக்கவில்லை.

அந்த வருஷமே மதுரை காமராசர் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். இலக்கணம் ஒழுங்காகப் படித்ததில் எனக்கு நேரடியாகப் பயன் கிடைத்தது. "தண்ணி"யை ஏன் "தண்ணீர்" என்று எழுதுகிறோம் என்று வகுப்பில் கேட்டால், "அப்படித்தான் எழுதணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பேச்சுத் தமிழிலும் எழுத்துத் தமிழிலும் ஒலி எப்படி மாறுகிறது என்று எடுத்துக்காட்டோடு சொல்லத் தொடங்கினேன். பெரியவர்களுக்குக் காரணம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கு அப்புறம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இக்னோ என்று எல்லோரும் சொல்வது, முதியோர் கல்வியில் எம்.ஏ. எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த எனக்கு முதல் ஆறு மாதம் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் அந்தப் பக்கங்களில் என் வகுப்பை நான் பார்த்தேன். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்பவர் 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த கதை ஒரு பாடத்தில் வந்தது. அவர்கள் வாழ்க்கையில் கனமாக இருக்கிற சொற்களை அவர்களோடு பேசிப் பேசிக் கண்டுபிடித்து, அந்தச் சொற்களிலிருந்தே எழுத்துகளைப் பிரித்தெடுத்தாராம். நடு இரவில் அதைப் படித்துவிட்டு எனக்குக் கொழுந்து ஞாபகம் வந்தது. மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் ஆண்ட்ரகாஜி என்று ஒன்றைச் சொல்கிறார்: பெரியவர்களுக்கு ஏன் கற்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும், அவர்கள் தங்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், வாழ்க்கையில் ஒரு தேவை வரும்போதுதான் கற்கத் தயாராகிறார்கள். ஐந்து வருஷம் அடிபட்டுக் கற்றதை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்களே என்று இருந்தது. முதல் வருஷமே படித்திருந்தால் அந்த ஐந்து பேர் நின்றுபோயிருக்க மாட்டார்கள். படிப்பு தேவையில்லை, அனுபவம் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

ஆக, என்ன படிக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அடுத்த வருஷம் நீ எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறாய் என்று. எழுத்தறிவு வகுப்பில் தன்னார்வலராக என்றால் உன் கையில் இருக்கிற படிப்பே போதும், நாளைக்கே தொடங்கு. எல்லை தாண்டி தேனி மாவட்டத்தில் இருக்கிறாய் என்றால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 150 மதிப்பெண் தேர்வு. தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை, ஆனால் கற்றுக்கொடுக்கக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பள்ளிப் படிப்பை விட்டவர்கள் பள்ளி வகுப்புகளுக்கு இணையாக எழுதுகிற சமநிலைத் தேர்வுக்கு, கேரளத்தில் எங்கள் பேச்சில் துல்யதா, பாடம் எடுக்க ஆசை என்றால் கதை வேறு. 4, 7, 10, ப்ளஸ் டூ என்று நான்கு படிகள் உண்டு. பத்தாவதுக்கு 17 வயதும் ப்ளஸ் டூவுக்கு 22 வயதும் முடிந்திருக்க வேண்டும். பத்தாவது தேர்வை மாநிலத்தின் தேர்வு அலுவலகமான பரீட்சா பவன் நடத்துகிறது, தமிழ் வழியிலும் எழுதலாம். அங்கே கணக்கு, அறிவியல் எல்லாம் பாடவாரியாக எடுக்க வேண்டும். அந்தந்தப் பாடத்தில் பட்டமும் 2 வருட பி.எட்.டும் இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். தையல், கம்ப்யூட்டர், எலெக்ட்ரிக்கல் மாதிரி தொழில் சொல்லிக் கொடுக்க ஆசையென்றால் அந்தத் தொழிலில் சான்றிதழும் அதைக் கற்பிக்கிற பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். மக்கள் கல்வி நிறுவனம் என்கிற ஜன் சிக்ஷன் சன்ஸ்தான்களில் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் உண்டு. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இந்தத் துறையையே கற்பிக்க வேண்டுமென்றால் முதுகலையில் 55 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50, அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. முதியோர் கல்வி அதில் தனிப் பாடமாகவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசனிலும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வராவிலும் இதற்கென்று துறைகள் இருக்கின்றன. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருப்பதி கூப்பிடு தூரம்.

எல்லைப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகுதி எந்த விண்ணப்பத்திலும் கேட்கப்படாது, ஆனால் அது இல்லாமல் பாதி வேலை ஓடாது. பக்கத்து மொழியை எழுதப் படிக்கத் தெரிவது. எங்கள் பெண்கள் பேச்சில் மலையாளத்தை வெண்ணெய் மாதிரி பேசுவார்கள். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, ஊரக வேலைத் திட்டத்தின் தொழிலுறப்பு அட்டை, குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழுவின் கணக்கு நோட்டு எல்லாம் மலையாளத்தில். தமிழ் எழுத்து கற்ற ஒரு சித்தி ஆறாவது மாதம் என்னிடம் கேட்டார்: "நான் படிச்ச எழுத்து ரோட்டுல எங்கயுமே இல்லையே டீச்சர்?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நானே மலையாளத்தைத் திக்கித் திக்கித்தான் படிப்பேன். அயல்கூட்டத் தலைவியிடம் போய் உட்கார்ந்து மூன்று மாதம் எழுதப் பழகினேன். இப்போது தமிழ் கைக்கு வந்தவர்களுக்கு அடுத்த படியாகப் பஸ் போர்டு மலையாளம் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்து முழுதும் இல்லை. கோட்டயம், குமுளி, கட்டப்பனை, ஏலப்பாறை, அவர்கள் ஏறுகிற இறங்குகிற ஊர்கள் மட்டும். பத்து ஊர்ப் பெயருக்குள் முக்கால்வாசி எழுத்து வந்துவிடுகிறது.

அதற்காகத் தமிழை இரண்டாவதாக வைக்கவில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் வகுப்பின் கடைசிப் பாடம் ஒரு மனு எழுதுவது. லயத்துக் கூரை ஒழுகுவது பற்றி, தண்ணீர்க் குழாய் பற்றி, அவரவர் தேவைக்கு. சும்மா பயிற்சிக்கு எழுதி நோட்டில் வைப்பதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பணம் பற்றி மறைக்கக் கூடாது. இந்த மதிப்பூதியத்தில் மட்டும் குடும்பம் ஓடாது. சில திட்டங்களில் அதுவும் மாதக்கணக்கில் தள்ளி வரும். ஒருமுறை ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை, தையல் மெஷின்தான் அடுப்பெரித்தது. வேறு ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு வாருங்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. முடித்த பிறகு எனக்குப் பயிற்சி முகாம்களில் பேச, பாடக்குறிப்பு எழுத அழைப்பு வருகிறது. அதில் கிடைப்பது வகுப்பில் கிடைப்பதைவிட அதிகம். பட்டம் வயிற்றுக்கும் உதவுகிறது.

வகுப்பை எப்படி முடிப்பது என்பதையும் நான் தாமதமாகத்தான் கற்றேன். தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, போட்டோ எடுத்ததோடு முடித்தால் என் அம்மாவுக்கு ஆனதுதான் ஆகும். ஆலப்புழையில் கார்த்தியாயினி அம்மா 2018-இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கியதைச் சொல்லித்தான் வயதானவர்களைக் கூப்பிடுகிறேன். அந்த உற்சாகம் தேர்வு வரைக்கும்தான் இழுக்கும். தேர்வுக்கு அப்புறம் அவர்கள் கையில் என்ன படிக்க இருக்கிறது? நான் செய்வது இது: தேர்வு முடிந்தவர்கள் வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, கூடுவார்கள். ஒருவர் அயல்கூட்டக் கணக்கைப் படிப்பார். ஒருவர் மருந்துச் சீட்டைப் படிப்பார். 1-0-1 என்றால் காலையும் ராத்திரியும் என்பது பிரஷர் மாத்திரை தின்கிற எல்லோருக்கும் தெரியும், மாத்திரையின் பெயரையும் எப்போது கெட்டுப்போகும் என்ற தேதியையும் படிப்பதுதான் பாடம். மகன் திருப்பூரிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப்பைப் படிக்க ஒருவர் கொண்டு வருவார். முதலில் தனக்குள் படித்துவிட்டு, சொல்லலாம் என்றால் சத்தமாகப் படிப்பார். சொல்ல வேண்டாம் என்றால் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். அப்படிக் கவிழ்த்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். முன்பெல்லாம் தன் மகன் எழுதியது தனக்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

என் அம்மாவும் வெள்ளிக்கிழமை வருகிறார். மகளிடம் படிக்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தார். கொழுந்து அக்காதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார், என் வகுப்பில் இல்லை, அவர் வீட்டுத் திண்ணையில். பெற்றவர்களுக்கு நாமே ஆசிரியராக நிற்காமல் இன்னொருவரிடம் விடுவது நல்லது.

இப்போது எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட, அவர்கள் வந்து கொழுந்து பறிக்கிறார்கள். வேலை இடத்தில் பேச அவர்களுக்குத் தமிழ் வேண்டும், கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மலையாளம் வேண்டும். வேறு மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்கிற சங்ஙாதி திட்டம் 2017-இல் பெரும்பாவூரில் தொடங்கியது, அதன் பாடநூலை வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் பேசுவது அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அதனால் ஒரு மாதமாக மூன்றாவது வீட்டு ஜார்க்கண்ட் பெண்ணிடம் தினமும் அரை மணி நேரம் இந்தி கற்கிறேன். அவளுக்கு இருபத்துநாலு வயது. எட்டாவது வரை படித்தவள். நேற்று என் நோட்டைப் பார்த்து, மேலே கோடு போட மறந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் கோடு போட்ட எழுத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை குமுளிக்குப் போய் எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கி வந்தேன்.